பேமிற்றின் பின்பக்கம்

கனடாவில் இருக்கும் என் மருமகன் பரீட்சையில் பெயிலாகிவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து ஒரே புலம்பல்.

என்ன பரீட்சை என்று கேட்டேன். வீடு, காணி விற்றுக்கொடுக்கிற புரோக்கர் வேலைக்கான பரீட்சையாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புரோக்கருக்கும் பரீட்சையா?

“சிரியாதேங்கோ மாமா. மாசக்கணக்கிலை இருந்து படிக்கவேணும். காணிச் சட்டம் படிக்கவேணும். லைசென்ஸ் கையிலை வாற வரைக்கும் ஒருதருக்கு வீட்டைக் காட்டி விலை பேசக்கூட ஏலாது” என்றான்.

“பேசாமல் மன்னாருக்கு வாடா. ஒரு மோட்டார் சைக்கிளும் ரெண்டு போனும் இருந்தாக் காணும். நாளைக்கே தொழில் தொடங்கலாம்” என்றேன்.

பகிடிக்குத்தான் சொன்னேன். அடுத்த நாள் காலையிலேயே அந்தப் பகிடிக்காக என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டி வந்தது.

பத்திரிகையில் வருகிற இந்தப் பத்தியைப் புதிதாக வாசிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மன்னாரில் கந்தோர்கள், அதாவது அரசாங்க அலுவலகங்கள், இருக்கிற தெருவில் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். தட்டச்சு, போட்டோக்கொப்பி, லமினேற், படிவம் நிரப்புதல் – இவைதான் என் பிழைப்பு. இந்தப் பத்தியைக்கூட ஆள் இல்லாத நேரம் பார்த்து அதே கொம்பியூட்டரில்தான் அடிக்கிறேன்.

திங்கட்கிழமை நான் கடையைத் திறந்து கூட்டி முடிக்கவில்லை, லெட்சுமி வந்து நின்றார். அடம்பன் பக்கத்து ஆள். தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். கணவர் இல்லை. குவைத்தில் எட்டு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டு வந்தவர். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற ஒரே மகளோடு அண்ணன் வீட்டின் பின் அறையில் இருக்கிறார். இல்லை... பின் அறையில் இருந்துகொண்டு சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்.

“அண்ணே, வீட்டுத்திட்டத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன். காணிப் பேப்பரக் கொண்டான்னாங்க. கொண்டுபோய்க் குடுத்தேன். இது செல்லாதுங்கிறாங்க. ஏங்கன்னு கேட்டா, இத எழுதினவங்கள்ட்டயே போய்க் கேளுங்கன்னு சொல்லிட்டாங்க.”

கைப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு பொலித்தீன் பை. அதற்குள் இன்னொரு பொலித்தீன் பை. அதற்குள் லமினேற் பண்ணிய ஒரு கடுதாசி.

அதன் தலைப்பை நான் வாசிக்கவே இல்லை. ஓரத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. சுற்றிவர இரட்டைக் கோடு, நாலு மூலையிலும் சின்னதாக ஒரு பூ. மன்னார் முழுக்கத் தேடினாலும் அப்படிக் கரை போடுகிற தட்டச்சுக்காரன் ஒருவன்தான் இருக்கிறான். அது நான்தான்!

“இத நீங்கதான அண்ணே அடிச்சுக் குடுத்தீங்க? புரோக்கர் சூசையண்ணே இங்கதான கூட்டிட்டு வந்தாரு?”

ஓம், நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னர். நான்தான் அடித்தேன். நான்தான் லமினேற்றும் பண்ணினேன்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பொறுங்கள். எங்கள் பக்கத்தில் காணி இரண்டு வகை. ஒன்று உறுதிக் காணி. நொத்தாரிசு எழுதிய உறுதிப் பத்திரம் இருக்கும். விற்கலாம், வாங்கலாம். மற்றது பேமிற் காணி. அரசாங்கம் குடியிருக்கவும் பயிர் செய்யவும் என்று ஒரு குடும்பத்துக்கு அனுமதிப்பத்திரம் போட்டுக் கொடுத்தது. இருக்கலாம், உழலாம், பெயர் பதிந்த பிள்ளைக்கு விட்டுவிட்டுப் போகலாம். கந்தோரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது.

லெட்சுமி வாங்கிய கால் ஏக்கர் பேமிற் காணி. விற்றவர் தனியாக இருந்த ஒரு வயோதிபர். நடுவில் நின்றவர் சூசை. ‘இன்று முதல் சர்வ உரித்துடனும் ஆண்டனுபவிக்க ஒப்புக்கொண்டு’ என்று கம்பீரமாக வசனம் அடித்தவன் நான். கீழே வயோதிபரின் பெருவிரல் அடையாளம். அதற்குக் கீழே ஒரு சமாதான நீதவானின் சிவப்பு முத்திரை.

சமாதான நீதவான் என்ன உறுதிப்படுத்தினார்? இந்த விரல் இந்த மனிதருடையதுதான் என்று. அவ்வளவுதான். ஆனால் சிவப்பு முத்திரையைப் பார்த்த லெட்சுமி அரசாங்கமே கையெழுத்துப் போட்டுவிட்டது என்று நினைத்தார். அவரைப் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த ஊர்ச்சனம் யுத்தத்தில் ஓடின ஓட்டத்தில் பானை சட்டியை விட்டுவிட்டு, கடுதாசிகளை மட்டும் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஓடின சனம். முத்திரை குத்திய எதையும் நாங்கள் கும்பிடப் பழகிவிட்டோம்.

“இப்ப என்னண்ணே செய்றது? சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பிட்டுது. கிணறு வெட்டியாச்சு. நல்ல தண்ணி வேற வந்திட்டுது...”

நல்ல தண்ணீர் வந்ததை ஒரு குற்றம் செய்தவர் மாதிரிச் சொன்னார். கதிரையை இழுத்துப் போட்டு, “இருங்கோ தங்கச்சி” என்றேன்.

சூசைக்குப் போன் எடுத்தேன்.

சூசை வருவதற்குள் ஒன்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் எதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டும்? ஓட்டோ ஓட வேண்டும். கள்ளுச் சீவ வேண்டும். சாப்பாட்டுக் கடை வைக்க வேண்டும். என் வீட்டு நாய்க்கு வேண்டும் – பிரதேச சபையில் பதிந்து கழுத்தில் தகடு கட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு பெண்ணின் எட்டு வருட உழைப்பை ஒரு துண்டு நிலத்தில் கொண்டுபோய்ப் போட வழிகாட்டுகிறவரிடம் மட்டும் யாரும் ஒன்றும் கேட்டதை நான் பார்த்ததில்லை. நீ என்ன படித்தாய்? உறுதி என்றால் என்ன, பேமிற் என்றால் என்ன? தோம்பு, அதுதான் காணிப் பதிவேடு, பார்க்கத் தெரியுமா? ம்ஹூம்.

தீவுப் பக்கம் மின்சாரம் எடுக்கிற காற்றாடிகள் சுழலத் தொடங்கிய பிறகு காணி விலையும் சேர்ந்து சுழலத் தொடங்கிவிட்டது. கருவாடு விற்றவர், வான் ஓடினவர், பென்சன் எடுத்தவர் – எல்லோரும் புரோக்கர். தடுக்கி விழுந்தால் ஒரு புரோக்கரின் காலடியில்தான் விழவேண்டும்.

சூசை முன்பு மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவர். மீன் விற்கப் போன இடத்தில் யாரோ காணி விற்கிற கதை காதில் விழ, வாங்குகிற ஒருவரிடம் அதைச் சொல்ல, வியாபாரம் படிந்துவிட்டது. அன்றைக்கு மீன்பெட்டியைக் கழற்றினவர்தான். வெள்ளைச் சேர்ட்டுக்கு மாறிவிட்டார்.

தொழில் நுணுக்கம் தெரியாதவர் இல்லை. தாழ்வான காணி என்றால் ஆடி, ஆவணியில்தான் ஆளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார். மார்கழியில் காட்டமாட்டார். ஏனென்றால் மார்கழியில் அங்கே கொக்கு நிற்கும். அவர் வாயால் சொல்லி நான் அடித்த எல்லைகளைக் கேளுங்கள். லெட்சுமியின் காணிக்குக் கிழக்கெல்லை – மாட்டுப்பட்டி. பட்டி வருடா வருடம் இடம் மாறும் ஐயா! இப்போது அது அரை மைலுக்கு அங்கால் இருக்கிறது. அந்தக் கடுதாசியின்படி லெட்சுமியின் காணி எதுவரை போகிறது என்று அந்த மாடுகளுக்குத்தான் தெரியும். நானும் தலையை ஆட்டி ஆட்டி அடித்திருக்கிறேன்.

சூசை வந்தார். கடுதாசியைப் பார்த்தார். லெட்சுமியைப் பார்த்தார்.

“செல்லாதாம் சூசை” என்றேன்.

“ஆர் சொன்னது?”

“கந்தோரிலை சொன்னவையாம். பேமிற் காணியை நீர் எப்பிடி விக்கலாம்?”

“என்ன அண்ணை கதைக்கிறியள்? நான் என்ன கள்ளனே? பேமிற்றின்ர போட்டோக்கொப்பி பாத்தனான். அந்த ஐயாவின்ர பேர் இருந்தது. நம்பர் இருந்தது. முத்திரை இருந்தது. நீங்கள்தானே கொப்பி அடிச்சுத் தந்தனீங்கள்?”

“அது சரி... விக்கேலாது எண்டு உமக்குத் தெரியாதே?”

“எல்லாரும் விக்கினம்தானே அண்ணை. எனக்கு ஆர் சொல்லித் தந்தது? மீன் பழுதோ நல்லதோ எண்டு செவுளைத் திறந்து பாத்துச் சொல்லுவன். காணிக்கு எதைத் திறந்து பாக்கிறது? எங்கையேன் ஒரு வகுப்பு இருக்கோ? தமிழிலை ஒரு புத்தகம் இருந்தாத் தாங்கோ, இரவிரவாப் படிக்கிறன். சோதினை வைக்கச் சொல்லுங்கோ, எழுதுறன்.”

பெரிய சத்தம் போட்டார். பிறகு குரல் திடீரென்று இறங்கிவிட்டது.

“அண்ணை... மகளின்ர சீதனக் காணியும் இதே மாதிரித்தானே எழுதினனாங்கள். நீங்கள்தானே அடிச்சது.”

எனக்கு நினைவு வந்தது. கொண்டச்சிப் பக்கம் ஒரு காணி. அதே இரட்டைக் கோடு. அதே நாலு பூ. கலியாணத்துக்கு முதல் வந்து அடித்துக்கொண்டு போனவர், கலியாணம் முடிய எனக்கு ஒரு கேக் துண்டும் கொண்டுவந்து தந்தார்.

கள்ளன் என்றால் பிடித்து ஏசலாம். பொலிசுக்குப் போகலாம். தெரியாமல் ஊருக்கும் விற்று, தன் வீட்டுக்கும் அதையே வாங்கி வைத்திருக்கிற மனிதனை என்ன செய்வது? சொல்லுங்கள்.

புதன்கிழமை மூன்று பேருமாகக் கந்தோருக்குப் போனோம். காணிக் கிளையில் ஓர் இளம் பெண் உத்தியோகத்தர். நல்ல பிள்ளை. இருக்கச் சொன்னார், தண்ணீர் தந்தார், அந்தக் காணியின் பைல் கோவையைத் தேடி எடுத்தார். அதற்குள்ளே இருந்தது வயோதிபரின் பேமிற். நான் மூன்று வருடத்துக்கு முன்னர் போட்டோக்கொப்பி அடித்த அதே பேமிற்றின் கந்தோர்ப் பிரதி.

அந்தப் பிள்ளை அதைத் திருப்பினார்.

பின்பக்கத்தில் நிபந்தனைகள். சின்ன எழுத்துத்தான், ஆனால் தமிழ் எழுத்து. காணியை அனுமதி இல்லாமல் யாருக்கும் கைமாற்றக்கூடாது, மாற்றினால் செல்லாது என்று தெளிவாக இருந்தது. சட்டப் புத்தகம் தேவையில்லை. வகுப்புத் தேவையில்லை. வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்தக் கடுதாசியை ஒருமுறை திருப்பியிருந்தால் போதும்.

யாரும் திருப்பவில்லை. வயோதிபர் திருப்பவில்லை. சூசை கண்டது கொப்பியை. சமாதான நீதவான் கண்டது பெருவிரலை. பேமிற்றைக் கையில் வாங்கி, மெஷினின் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தவன் நான். பின்பக்கம் என் முகத்துக்கு நேரே கிடந்திருக்கிறது. ‘முன்பக்கம் மட்டும் காணும் அண்ணை’ என்று சூசை சொல்ல, மூடியைப் போட்டு மூடிவிட்டேன்!

“பதிஞ்ச பின்னுரித்தாளர் அவற்ற மகன். தகப்பன் செத்த பிறகு வந்து தன்ர பேருக்கு மாத்தக் குடுத்திருக்கிறார். சட்டப்படி அவருக்குத்தான் போகும் அக்கா” என்றார் அந்தப் பிள்ளை.

“நான் வீடு கட்டிட்டு இருக்கேனே மிஸ்...” என்றார் லெட்சுமி.

“தெரியும் அக்கா. நான் ஒண்டும் செய்யேலாது. இந்தக் கடுதாசியை மேலை அனுப்பினால் அந்த ஆளின்ர பேமிற்றுக்கும் கரைச்சல் வரலாம், ஆனா உங்களுக்குக் காணி கிடைக்காது.”

அங்கிருந்தே வயோதிபரின் மகனோடு போனில் பேசினோம். கொழும்பில் ஹோட்டலில் வேலையாம். கெட்ட மனிதராகவும் தெரியவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. அப்பா விற்றதே தனக்குத் தெரியாது என்றார். தானும் பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பப் போவதாகச் சொன்னார். “அக்கா கல்லுகளை எல்லாம் கழட்டிக்கொண்டு போகட்டும் ஐயா, நான் தடுக்கமாட்டன்” என்றார்.

கல்லைக் கழற்றலாம். கிணற்றை எப்படிக் கழற்றுவது?

நாங்கள் எழும்புகிற நேரம் சூசை மேசைக்குக் கிட்டப் போனார். மெதுவாகக் கேட்டார்.

“மிஸ், கொண்டச்சிப் பக்கம் ஒரு காணி... அதின்ர விவரமும் பாக்கலாமோ?”

“எங்கட பிரிவு இல்லை. முசலிக் கந்தோரிலை பாக்கலாம். பேமிற் நம்பரைக் கொண்டு போங்கோ, சொல்லுவினம்.”

சூசை சேர்ட் பொக்கற்றைத் தடவினார். “வேண்டாம் மிஸ்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். படியிறங்கும்போது என் கையைப் பிடித்தார். “மகள் நிம்மதியா இருக்கிறாள் அண்ணை. இருக்கட்டும். மாதா பாத்துக்கொள்ளுவா” என்றார். ஐம்பத்தைந்து வயது மனிதர், தெருவில் நின்று கண்ணைத் துடைத்தார்.

நான் கடைக்கு வந்து கொம்பியூட்டரைத் திறந்தேன். ‘காணி’ என்று ஒரு போல்டர் வைத்திருக்கிறேன். கீழே இறக்கிக்கொண்டே போனேன். பெயர்கள், பெயர்கள், பெயர்கள்... எது உறுதிக் காணி, எது பேமிற் காணி என்று எனக்கே தெரியாது. நான் கேட்டதும் இல்லை. பாதியில் மூடிவிட்டேன். சூசையை விட நான் எந்த விதத்தில் உசத்தி?

வியாழக்கிழமை வேறொரு புரோக்கர் வந்தார். கூடவே விற்கிறவர், வாங்குகிறவர். பேமிற் காணிதான். பின்பக்கத்தைத் திருப்பி மேசையில் வைத்து, “முதலிலை இதை வாசியுங்கோ” என்றேன்.

“அதுக்கெல்லாம் இப்ப நேரமில்லை அண்ணை. வாங்கிற பார்ட்டி பஸ்ஸுக்குப் போகவேணும்” என்றார் புரோக்கர்.

அடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏதோ பெரிய தர்மவான் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். மூன்று பேரும் இரண்டு கடை தள்ளிப் போனார்கள். பதினைந்து நிமிடத்தில் கடுதாசியோடு வெளியே வந்தார்கள். வாங்கியவரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தட்டச்சுக்காரனுக்கும் லைசென்ஸ் கிடையாது, பார்த்தீர்களா?

புரோக்கர்களுக்குப் படிப்பு வேண்டும், பரீட்சை வேண்டும், லைசென்ஸ் வேண்டும் என்று இந்தப் பத்தியின் கடைசியில் நான் எழுதவேண்டும். எழுதுகிறேன். வேண்டும்! நிச்சயமாக வேண்டும்! ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு நம்பிக்கை இல்லை. நாளைக்கே சட்டம் வந்தாலும், அந்த லைசென்ஸின் முன்பக்கத்தை மட்டும் கொப்பி அடித்துக்கொண்டு போக ஆள் வரும். அடித்துக்கொடுக்க ஒரு கடை இருக்கும். அது வந்தாலும் லெட்சுமிக்கு என்ன? அவருடைய சுவர் ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. மகள் தனக்கென்று எந்த மூலையில் மேசை போடுவது என்று சோக்கட்டியால் அடையாளம் கீறி வைத்திருக்கிறாளாம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் லெட்சுமி திரும்பவும் வந்தார். கல் கழற்ற இரண்டு பேரைப் பிடித்துவிட்டதாகச் சொன்னார். அழவில்லை. ஏசவும் இல்லை. என்னை நாலு கேள்வி கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“அந்த மிஸ் ஒரு போர்ம் தந்தாங்கண்ணே. காணி இல்லாதவங்களுக்கு எப்பவாச்சும் குடுத்தாங்கன்னா பாக்கலாமாம். நிரப்பித் தாங்க.”

இந்த மனுசி மறுபடியும் என்னிடமே வந்திருக்கிறார். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் அவருக்கு முதலில் வாசித்துக் காட்டினேன். பிறகு அடிக்கத் தொடங்கினேன். பெயர். விலாசம் – அண்ணனின் விலாசம். குடும்ப அங்கத்தவர்கள் – இரண்டு.

அடுத்த கேள்வியில் என் விரல் நின்றுவிட்டது. விண்ணப்பதாரருக்குத் தற்போது சொந்தமாகக் காணி உண்டா?

லெட்சுமி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவரும் வாசித்தார்.

“இல்லைன்னு போடுங்கண்ணே.”

போட்டேன். இத்தனை வருடத்தில் காணி விஷயமாக நான் அடித்ததில், சரிதான் என்று நிச்சயமாகத் தெரிந்து அடித்த முதல் சொல் அது.